நேர்க்கோடு வளையும்போது

கண்ணின் பின்சுவரில் படர்ந்திருக்கும் விழித்திரையின் நடுவே, சுமார் ஐந்தரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு வட்டம் இருக்கிறது. மாகுலா என்று அதற்குப் பெயர். படிக்கும் எழுத்து, கோக்கும் ஊசி, எதிரே வருபவரின் முகம், நிறுத்தத்தை நெருங்கும் பேருந்தின் எண், இவையெல்லாம் அந்தச் சிறு வட்டத்தின் உழைப்பு. விழித்திரையின் மற்றப் பரப்பு பக்கத்தில் அசைவதைக் காட்டும். அரையிருட்டில் சுவரில் மோதாமல் நடத்திச் செல்லும். நுணுக்கத்தை மட்டும் காட்டாது. ஐம்பதைக் கடந்த வயதில், பெரும்பாலும் அறுபதுக்குப் பிறகு, சிலருக்கு இந்த வட்டம் பழுதடையத் தொடங்குகிறது. அதுவே முதுமை மாகுலா சிதைவு. கண் மருத்துவமனைகளில் காத்திருக்கும் மக்கள் தங்களுக்குள் இதைக் 'கண் நரம்புக் கோளாறு' என்று சொல்லிக்கொள்வார்கள்.

இது வெள்ளைக்காரர்களின் நோய், நம் ஊரில் அரிது என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. அந்த எண்ணத்தை மறுத்த சான்றுகளில் ஒன்று திருவள்ளூர் மாவட்டத்தின் கிராமங்களிலிருந்தே வந்தது. சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆய்வாளர்கள் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களிலும் சென்னை நகரத்திலும் அறுபது வயதைத் தாண்டியவர்களின் விழித்திரைகளைப் படமெடுத்து ஆராய்ந்தார்கள். 2016இல் வெளியான அந்த முடிவின்படி, கிராமத்து முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மாகுலா சிதைவின் தொடக்க அடையாளம் இருந்தது. நகரத்தில் ஆறில் ஒருவருக்கு இருந்தது. முற்றிய நிலை இரு இடத்திலும் நூற்றுக்கு இரண்டுக்குச் சற்று மேல். நூற்றுக்கு இரண்டு என்பது கேட்கச் சிறிதாக இருக்கலாம். ஐம்பது முதியவர்கள் வாழும் ஒரு தெருவில் ஒருவர் என்று கணக்கிட்டால் அது யாரோ அல்ல, தெரிந்த ஒருவர்.

நோய் தொடங்கும் இடம், பார்வைச் செல்களுக்கு அடியில் இருக்கும் நிறமிச் செல்களின் ஒற்றை அடுக்கு. ஒளியைப் பிடிக்கும் செல்கள் நாள்தோறும் தங்கள் நுனியை உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்கின்றன. உதிர்ந்ததை விழுங்கிச் செரித்து, கழிவை அதற்குக் கீழே ஓடும் இரத்தக்குழாய்களிடம் ஒப்படைப்பதும், அங்கிருந்து உணவும் பிராணவாயுவும் வாங்கி மேலே தருவதும் நிறமி அடுக்கின் வேலை. வயது ஏற ஏற இந்த வேலை மந்தமாகிறது. குப்பை வண்டி வராத தெருவைப்போல் அடுக்கின் கீழே கழிவு தேங்குகிறது. மஞ்சள் நிறத் திட்டுகளாகத் தெரியும் அந்தத் தேக்கத்தை மருத்துவர்கள் 'ட்ரூசன்' என்கிறார்கள். ஒன்றிரண்டு சிறு திட்டுகள் முதுமையில் இயல்பு. 125 மைக்ரானுக்கு மேல் பெரிதாகும் திட்டுகள்தான் எச்சரிக்கை.

இங்கிருந்து நோய் இரண்டு வழியாகப் போகலாம். முதல் வழி உலர் வகை. மாகுலா சிதைவு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான். செல்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மெலிந்து, முற்றிய நிலையில் நடுவில் திட்டுத் திட்டாக அழிகின்றன. இரண்டாவது ஈர வகை. அடியிலுள்ள இரத்தக்குழாய்ப் படலத்திலிருந்து முறைகேடான புதுக்குழாய்கள் முளைத்து மேலே ஊடுருவும். அவற்றின் சுவர் வலுவற்றது. நீர் கசியும், இரத்தம் கசியும், கடைசியில் தழும்பாகும். எண்ணிக்கையில் ஈர வகை குறைவு. ஆனால் சில வாரங்களில், சில மாதங்களில் நடுப்பார்வையைப் பறித்துவிடக் கூடியது அதுதான். ஆசிய நாட்டவரிடம், இந்தியர் உட்பட, இந்தப் புதுக்குழாய்கள் முனையில் மொக்குப்போல் பருக்கும் ஒரு வகையும் அதிகம் காணப்படுகிறது. அதற்குச் சில வேளைகளில் ஊசியோடு லேசர் சிகிச்சையும் சேர்த்துத் தேவைப்படும்.

இந்த நோயில் வலி இல்லை. கண் சிவப்பதில்லை, நீர் வடிவதில்லை. ஒரு கண் கெட்டாலும் மற்றக் கண் ஈடுகட்டிவிடும். அதனால் பாதிக்கப்பட்டவருக்கே மாதக்கணக்கில் தெரியாமல் போகிறது. தெரியவரும்போதும், "வயசாச்சு, கண்ணு இப்படித்தான் இருக்கும்" என்று வீடே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. அல்லது "புரை வந்திருக்கும், முத்தட்டும், ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்ற முடிவுக்கு. பார்வை இழப்பில் பெரும்பகுதி இந்த இரண்டு வாக்கியங்களால் நேர்கிறது.

புரையை நெடுங்காலம் பார்த்துப் பழகிய சமூகம் இது. தமிழ்நாட்டில் கண் முகாம் என்றாலே புரை முகாம்தான். பள்ளிக்கூடத்தில் முகாம், பேருந்தில் ஏற்றிச் சென்று அறுவை, மறுநாள் கறுப்புக் கண்ணாடியோடு திரும்புதல் என்று அந்த முறை லட்சக்கணக்கானவர்களுக்கு ஒளி தந்திருக்கிறது. அதன் பெருமையைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த வெற்றியே ஒரு பழக்கத்தையும் விட்டுச் சென்றிருக்கிறது: முதுமையில் பார்வை மங்கினால் காத்திருக்கலாம் என்ற பழக்கம். புரை காத்திருக்கும். அது கண்ணின் முன்பகுதியிலுள்ள வில்லை மங்குவது. ஆறு மாதம் தள்ளி அறுவை செய்தாலும் பெரும்பாலும் அதே பார்வை திரும்பும். ஈர மாகுலா சிதைவு காத்திருக்காது. தழும்பாகிவிட்ட இடத்தில் எந்த மருந்தும் பார்வையைத் திருப்பித் தராது.

இரண்டும் ஒரே கண்ணில் இருக்கலாம் என்பது இன்னொரு சிக்கல். அரவிந்த் கண் மருத்துவமனையும் எய்ம்ஸும் பங்கெடுத்த 'இண்டை' ஆய்வு, வட, தென் இந்தியக் கிராமங்களில் அறுபது வயதைத் தாண்டிய 5,853 பேரைப் பரிசோதித்தது. அவர்களில் 1,587 பேரின் விழித்திரைப் படத்தைப் பார்த்து முடிவு சொல்லவே முடியவில்லை. முதன்மைக் காரணம், புரை மறைத்தது. புரையின் பின்னால் மாகுலா எப்படி இருக்கிறது என்று அறியாமல் அறுவை முடிந்து, "ஆபரேஷன் பண்ணியும் பார்வை வரலை" என்று மருத்துவரை நொந்துகொள்ளும் குடும்பங்கள் உண்டு. அறுவைக்கு முன்பே விழித்திரையின் நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அந்த மனத்தாங்கலைத் தவிர்க்கும். அறுவைக்குப் பின்னும் நடுப்பார்வை தெளியவில்லை என்றால் விழித்திரை மருத்துவரிடம் காட்டுவதே முறை.

புரையையும் மாகுலா சிதைவையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்தறிய முடியும். புரையில் எல்லாமே மங்கும். அழுக்குக் கண்ணாடி வழியே பார்ப்பதாக இருக்கும். எதிரே வரும் லாரியின் விளக்கு கூசும். மாகுலா சிதைவில் ஓரம் தெளிவாக இருக்கும், நடு மட்டும் கெடும். முகத்தைப் பார்த்தால் காது தெரியும், மூக்கும் கண்ணும் தெரியாது. கும்மிடிப்பூண்டி நிலையத்தின் பெயர்ப்பலகையில் முதலெழுத்தும் கடைசி எழுத்தும் தெரியும்; இடையில் இரண்டெழுத்து விழுங்கப்பட்டிருக்கும். ஈர வகையின் தனி அடையாளம் வளைவு. கதவு நிலை வளைந்து தெரியும், மின்கம்பம் நெளியும், தரை ஓட்டின் கோடுகள் அலையும். நேராக இருப்பது வளைந்து தெரிந்தால் அது புரையின் வேலை அல்ல. மூக்குக் கண்ணாடியை மாற்றித் தீர்க்கக் கூடியதும் அல்ல. சில நாட்களுக்குள் விழித்திரை மருத்துவரிடம் போயாக வேண்டிய நிலை அது.

சுவிட்சர்லாந்தின் கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் வகுத்துத் தந்த கட்டப்படம் இதற்கென்றே பயன்படுகிறது. பத்து சென்டிமீட்டர் சதுரம், அதற்குள் ஐந்து மில்லிமீட்டர்க் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஓரடி தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். கோடு நெளிந்தாலோ, கட்டம் காணாமல் போனாலோ, நடுவில் நிழல் விழுந்தாலோ அது செய்தி. பிறகு மறு கண். படம் இல்லாத வீட்டில் பிள்ளைகளின் கணக்கு நோட்டுக் கட்டத்தாள் போதும். சன்னல் கம்பியும் சமையலறைச் சுவரின் டைல்ஸும்கூடப் போதும். இன்றியமையாதது ஒன்றே: ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது. இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். ஏற்கெனவே ட்ரூசன் உள்ளவர்களும், ஒரு கண் பாதிக்கப்பட்டவர்களும் இந்தச் சோதனையை அன்றாட வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. கட்டம் நேராகத் தெரிகிறது என்பதற்காக மருத்துவப் பரிசோதனையை விட்டுவிடவும் கூடாது. தொடக்க நிலை இந்தச் சோதனைக்கு அகப்படாது.

மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்ப்பார்கள். பிறகு ஓசிடி ஸ்கேன் எடுப்பார்கள். அது ஒளியைக் கொண்டு விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் படம். தொடுதல் இல்லை, ஊசி இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். நீர் கோத்திருக்கிறதா என்பதை மைக்ரான் கணக்கில் காட்டிவிடும். தேவைப்பட்டால் கையில் சாயம் ஏற்றியும் படம் எடுப்பார்கள்.

ஈர வகைக்கு இன்று மருந்து இருக்கிறது. மருத்துவ வரலாற்றில் பெருமைப்படத்தக்க கதைகளில் ஒன்று அது. புதுக்குழாய்களை முளைக்கச் செய்யும் விஇஜிஎஃப் என்ற புரதத்தை 1989இல் நெப்போலியோனே ஃபெராரா பிரித்தெடுத்தார். அதைத் தடுக்கும் மருந்து புற்றுநோய்க்காக உருவாகி, கண்ணுக்கும் வந்தது. கண்ணுக்கென்றே ஆக்கப்பட்ட ரானிபிசுமாப் 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு அடிப்படையான ஆய்வில், ஓராண்டு ஊசி போட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவுக்குப் பார்வை பெரிதாகக் குறையாமல் காக்கப்பட்டது. மருந்தின் முழு அளவைப் பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்குப் பார்வை குறிப்பிடத்தக்க அளவு கூடவும் செய்தது. அதற்கு முந்தைய தலைமுறைக்கு இந்த நோய் என்றால் கைவிரிப்புதான்.

விலை அடுத்த கேள்வி. பெருங்குடல் புற்றுநோய்க்கான பெவாசிசுமாப் மருந்தைச் சிறு அளவாகப் பிரித்துக் கண்ணில் செலுத்துவது பல மடங்கு மலிவு. அது ரானிபிசுமாபுக்கு ஈடாகப் பார்வையைக் காக்கிறது என்று 2011இல் அமெரிக்க அரசு நிதியில் நடந்த ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. ரானிபிசுமாபின் உயிரி ஒப்புமருந்து 2015இல் இந்தியாவிலேயே தயாராகி விற்பனைக்கு வந்தது. அஃப்ளிபெர்செப்ட், ஃபாரிசிமாப் போன்ற பிந்தைய மருந்துகளில் ஊசிகளுக்கிடையே கூடுதல் இடைவெளி விட முடிகிறது. எந்த மருந்து என்பதைக் கண்ணின் நிலையும் குடும்பத்தின் கையிருப்பும் சேர்ந்தே தீர்மானிக்கும். மலிவான மருந்தைத் தவறாமல் போட்டுக்கொள்பவர், விலையுயர்ந்த மருந்தை ஒருமுறை போட்டு நிறுத்திவிடுபவரைவிடப் பல மடங்கு பாதுகாப்பாக இருக்கிறார்.

'கண்ணில் ஊசி' என்ற சொல்லே பலரை வீட்டோடு நிறுத்திவிடுகிறது. உண்மையில் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, கிருமிநாசினி கொண்டு கழுவி, கண்ணின் வெள்ளைப் பகுதி வழியே மிக மெல்லிய ஊசியால் 0.05 மில்லிலிட்டர் மருந்து செலுத்தப்படுகிறது. ஒரு சொட்டுதான். அன்றே வீடு திரும்பலாம். கிருமித் தொற்று அரிது. ஆனால் ஊசி போட்ட சில நாட்களில் கண் சிவந்து, வலித்து, பார்வை குறைந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.

பொதுவாக முதல் மூன்று மாதம் மாதம் ஒன்று, பிறகு ஸ்கேனைப் பார்த்து இடைவெளியைக் கூட்டுவது என்பது நடைமுறை. இது சர்க்கரை நோய் போல நீண்டகாலக் கவனிப்பு. மூன்று ஊசியோடு முடிவதில்லை. பார்வை சற்றுத் தெளிந்ததும் "சரியாப்போச்சு" என்று நிறுத்துபவர்களுக்கு நீர் மறுபடியும் கோக்கும். ஆரம்பாக்கத்திலோ பழவேற்காட்டிலோ வாழும் ஒரு முதியவருக்குச் சென்னை மருத்துவமனைக்குப் போய்வருவது ஒரு முழுநாள் வேலை. கும்மிடிப்பூண்டியிலிருந்தே சென்ட்ரலுக்கு ரயிலில் சுமார் 45 கிலோமீட்டர். கண்மணி விரிந்த நிலையில் தனியே திரும்பவும் முடியாது; துணைக்கு வரும் மகனுக்கோ மருமகளுக்கோ ஒருநாள் ஷிப்ட் போகும், சம்பளம் போகும். சிகிச்சை பாதியில் நிற்பதற்கு அலட்சியத்தைவிட இதுவே காரணம். அடுத்த தேதியை முன்கூட்டியே கேட்டுப் பெற்று, ஷிப்ட் அட்டவணையோடு பொருத்தி வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் சமாளித்துக்கொள்கின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் பெற்றோரின் கண் ஊசிக்கென விடுப்புக் கேட்பவரை அதிகாரிகள் சந்தேகத்தோடு பார்க்காமலிருந்தால் பல கண்கள் தப்பும்.

இந்தத் தொழிற்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்றவர்களுக்கு ஒரு வழி உண்டு. பலர் அதை அறியாமலேயே இருக்கிறார்கள். குறைந்தது ஐந்து ஆண்டுகள் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வுபெற்ற தொழிலாளி, ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தனக்கும் தன் வாழ்க்கைத் துணைக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ உதவியைத் தொடரலாம். மற்றவர்களுக்குச் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. 1819இல் தொடங்கிய அது ஆசியாவின் மிகப் பழைய கண் மருத்துவமனை.

உலர் வகைக்கு நிலைமை வேறு. இழந்ததை மீட்கும் மருந்து இல்லை. முற்றிய உலர் வகையின் அழிவு வேகத்தைக் குறைக்கும் இரண்டு ஊசி மருந்துகளுக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அவை பார்வையைக் கூட்டுவதில்லை. இடைநிலையில் உள்ளவர்களுக்கு ஒரு வைட்டமின் கூட்டு பயன்படும் என்பது 2001இலும் 2013இலும் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு. வைட்டமின் சி, வைட்டமின் இ, துத்தநாகம், தாமிரம், லூட்டின், ஸீயாசாந்தின் என்பவை குறிப்பிட்ட அளவில் சேர்ந்த மாத்திரை அது. முற்றிய நிலைக்குப் போகும் வாய்ப்பை ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய கால் பங்கு குறைத்தது. முதல் கூட்டில் பீட்டா கரோட்டின் இருந்தது. புகைபிடிப்பவர்களுக்கு அது நுரையீரல் புற்றுநோயை வளர்க்கும் என்று தெரிந்ததால் நீக்கப்பட்டது. நோயே இல்லாதவர்களுக்கு இந்த மாத்திரை எதையும் தடுப்பதில்லை. மருந்துக்கடையில் 'கண்ணுக்கு நல்லது' என்று கேட்டு வாங்கித் தின்பது வீண் செலவு. மருத்துவர் விழித்திரையைப் பார்த்துச் சொன்னால் மட்டுமே அது மருந்து.

வயதையும் பரம்பரையையும் மாற்ற முடியாது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் ஐம்பது வயதிலிருந்தே ஆண்டுதோறும் விழித்திரையைக் காட்டுவது தகும். மாற்றக் கூடியவற்றில் தலையாயது புகை. பீடியோ சிகரெட்டோ, புகைபிடிப்பவருக்கு ஆபத்து இரண்டு முதல் நான்கு மடங்கு என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. விட்டுவிட்டால் ஆண்டுகள் செல்லச் செல்ல ஆபத்து குறைகிறது. எழுபது வயதில் விட்டாலும் பயன் உண்டு. வாயில் அடக்கும் புகையிலையும் குற்றமற்றது அல்ல; நைட் ஷிப்டில் தூக்கம் போகப் புகையிலை அடக்கும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. புகையிலை பறிப்பது நுரையீரலை மட்டும் அல்ல, பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் பார்வையையும்கூட என்று தொழிற்சங்கக் கூட்டங்களிலேயே சொல்லப்பட வேண்டும்.

இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் கட்டுக்குள் வைப்பது கண்ணுக்கும் நல்லது. 2021 முதல் நடந்துவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதை ஒருநாளும் விடாமல் சாப்பிடுவதும் கண் காப்புதான்.

உணவைப் பொறுத்தவரை நம் சமையலறை ஏழை அல்ல. லூட்டினும் ஸீயாசாந்தினும் மாகுலாவிலேயே சேரும் மஞ்சள் நிறமிகள். உடல் அவற்றைத் தானாக ஆக்கிக்கொள்ளாது, உணவிலிருந்துதான் பெற வேண்டும். முருங்கைக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, மக்காச்சோளம், முட்டையின் மஞ்சள் கரு எல்லாவற்றிலும் அவை உண்டு. கொழுப்பில் கரைபவை என்பதால் கீரையைச் சிறிது எண்ணெய் விட்டுத் தாளித்துச் சாப்பிடுவது சரியான முறை. பழவேற்காட்டுக் கரையிலிருந்து வரும் மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை வாரம் இருமுறை சாப்பிடுபவர்களிடம் இந்த நோய் குறைவு என்று உணவு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் மீனெண்ணெய் மாத்திரைக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. கேரட்டு நல்ல காய்தான். அது தரும் வைட்டமின் ஏ வேறொரு குறையைப் போக்கும், மாகுலா சிதைவை நிறுத்தாது.

கும்மிடிப்பூண்டிபோல் இரும்பு உருக்கும் ஊரில் ஒளியும் வெப்பமும் பற்றிய கேள்வி எழும். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்து இரவில் மணல் கொட்டியதுபோல் உறுத்துவது கருவிழியின் மேற்பரப்பில் ஏற்படும் புண்; ஓரிரு நாளில் ஆறும்; அது மாகுலா சிதைவு அல்ல. உலையருகே பல ஆண்டுகள் நிற்பது புரையைத் தூண்டும். முகக்கவசம் இல்லாமல் ஆர்க்கை உற்றுப் பார்த்தால் மாகுலாவே சுட்டுப்போகவும் கூடும். வெறுங்கண்ணால் சூரிய கிரகணத்தைப் பார்ப்பதிலும் அதே ஆபத்து. காற்றில் மிதக்கும் நுண்துகள் மிகுந்த இடங்களில் மாகுலா சிதைவு சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதை 2021இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு சுட்டியது. அந்தத் தொடர்பு சிறியது, காரணம் என்று நிறுவப்பட்டதும் அல்ல. ஆனால் புகைபோக்கிகளின் நிழலில் குடியிருப்பவர்கள் தூய காற்றைக் கேட்பதற்கு ஏற்கெனவே இருக்கும் நியாயங்களோடு இதுவும் சேரும்.

சிகிச்சைக்குப் பிறகும் நடுப்பார்வை போய்விட்டவர்கள் இருக்கிறார்கள். மாகுலா சிதைவு மட்டும் யாரையும் முழு இருட்டில் தள்ளுவதில்லை, ஓரப்பார்வை நிற்கும். இதனாலேயே ஒரு கொடுமை நேர்கிறது. கிழவி தரையில் கிடக்கும் துணியைச் சுற்றி நடந்து போகிறாள், ஆனால் எதிரே நிற்கும் அண்ணன் மகனைத் தெரியவில்லை என்கிறாள். "வேணும்னே நடிக்குது" என்கிறது வீடு. அவள் நடிக்கவில்லை. நடப்பதற்கு வேண்டிய பார்வை இருக்கிறது, முகம் அறிவதற்கு வேண்டிய பார்வை இல்லை. வருபவர் முதலில் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு பேசத் தொடங்கினால் அந்த வீட்டில் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

பூண்டி ஏரிக்கரையின் ஊன்றீஸ்வரர் கோயிலைத் திருவள்ளூர் மாவட்டத்தார் அறிவார்கள். திருவொற்றியூரில் பார்வை இழந்த சுந்தரர் திருவெண்பாக்கத்தில் இறைவனிடம் ஊன்றுகோல் பெற்றார் என்பது தலவரலாறு. கண் திரும்பும்முன் கோல் கிடைத்தது. குறைபார்வை மறுவாழ்வு மையங்கள் செய்வதும் அந்த வேலையே: விளக்குப் பொருத்திய உருப்பெருக்கி, எழுத்தைப் பெரிதாக்கியும் வாசித்தும் காட்டும் கைப்பேசி, நேராகப் பார்க்காமல் சற்றே பக்கத்தில் பார்த்து மையத்துக்கு வெளியே எஞ்சிய நல்ல பகுதியைப் பயன்படுத்தும் பயிற்சி. வீட்டிலும் செய்யக் கூடியவை உண்டு. படிக்கட்டின் விளிம்பில் மஞ்சள் பட்டை, வெள்ளைச் சோற்றுக்கு அடர்நிறத் தட்டு, மாத்திரை அட்டைகளில் தடித்த பேனாவில் எழுதிய காலை, இரவு.

நடுப்பார்வை இழந்த சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரிவதுண்டு. சுவரில் கோலங்கள், முற்றத்தில் குழந்தைகள், அந்நிய ஆட்கள். ஸ்விஸ் அறிஞர் சார்லஸ் போனே 1760இல் தன் பாட்டனாரிடம் இதைக் கண்டு எழுதினார். விழித்திரையிலிருந்து செய்தி குறையும்போது மூளை தானே படம் வரைந்துகொள்கிறது. அது பேய் அல்ல, புத்தி பேதலிப்பும் அல்ல. மந்திரிக்க அழைத்துச் செல்வார்களோ என்று அஞ்சி முதியவர்கள் இதை வெளியே சொல்வதே இல்லை. மருத்துவரும் வீட்டாரும் தாமாகக் கேட்டால்தான் வெளிவரும். பலருக்குக் காலப்போக்கில் குறையும். வெளிச்சத்தைக் கூட்டினாலும், கண்ணைச் சிமிட்டி வேறு பக்கம் திருப்பினாலும் உருவங்கள் கலையும்.

பார்வை மிகக் குறைந்தவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொருந்தும். முதுமையில் வந்த குறை என்பதால் அந்த உரிமை இல்லாமல் போவதில்லை. கண்ணாடி போட்டும் நல்ல கண்ணின் பார்வை எவ்வளவு என்பதை அரசு மருத்துவமனையின் கண் மருத்துவர் அளந்து சான்று தருவார். குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்று இருந்தால் தேசிய அடையாள அட்டைக்கும் அதன்வழி வரும் சலுகைகளுக்கும் விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இதற்கான விண்ணப்பங்களைப் பெறுகிறது.